வெள்ளம் எந்தப் பக்கமிருந்து வந்தது? ஊர் வெள்ளத்தை ஊராரே ஆராய ஒரு வழி

ஆற்றை அகலப்படுத்துங்கள், கரையை உயர்த்துங்கள், தூர் வாருங்கள் என்று மனு எழுதும் முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும். போன கார்த்திகையில் உங்கள் வாசலுக்கு வந்தது எந்தத் தண்ணீர்? எத்தனை மணிக்கு வந்தது? இது தெரியாமல் கொட்டப்படும் சிமெண்ட், பல ஊர்களில் அடுத்த வருட வெள்ளத்தைப் பக்கத்துத் தெருவுக்குத் தள்ளிவிட்டிருக்கிறது.

நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ராமநாதபுரம் மாவட்டத்தின் வடக்குக் கரையில், கோட்டைக்கரையாறு பாக் நீரிணையில் சேரும் பகுதியில் இருக்கிறது என் ஊர். வருடத்தில் எட்டு மாதம் குடிநீர் லாரிக்குக் காத்திருப்போம். வாடைக்காற்று காலத்தில் முழங்கால் தண்ணீரில் நிற்போம். மாவட்டத்தின் சராசரி மழை வருடத்துக்குச் சுமார் 820 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். அதனால் இங்கே செய்யும் எந்த ஆராய்ச்சியும், தண்ணீரை எவ்வளவு சீக்கிரம் கடலுக்குத் துரத்தலாம் என்பதாக மட்டும் இருக்கக் கூடாது. எங்கே நிறுத்தலாம், எங்கே வழிவிடலாம் என்ற இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எங்கள் கண்மாயில் பரம்பரையாக நீர்பாய்ச்சி வேலை பார்த்த பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "சர்வேயரய்யா, நம்ம ஊருக்கு வர்றது மூணு தண்ணி. வானத்துத் தண்ணி, கம்மாத் தண்ணி, கடத்தண்ணி. எது முந்தி வந்துச்சுன்னு பாருங்க. முந்தி வந்ததுதான் ஒங்க வியாதி." கீழே வருவதெல்லாம் அந்தப் பேச்சைக் காகிதத்திலும் அளவிலும் கொண்டுவரும் வழிதான்.

மூன்று தண்ணீர்

வானத்துத் தண்ணீர் என்பது ஊர் எல்லைக்குள் பெய்து, வெளியேற வழியில்லாமல் நிற்பது. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. அந்தத் தீவில் ஆறே கிடையாது. ஆனாலும் தெருக்கள் மூழ்கின. ஆற்றைக் குற்றம் சொல்லும் முன் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

கம்மாத் தண்ணீர், மேற்கே இருக்கும் கண்மாய்கள் ஒன்றன் பின் ஒன்றாக மறுகால் பாய்ந்து வருவது. நம் மாவட்டம் கண்மாய்ச் சங்கிலியால் கட்டப்பட்டது. 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று பெயரெடுத்த ஆர்.எஸ். மங்கலம் கண்மாய் அதில் பெரியது. மேல் கண்மாய் நிரம்பினால் கலுங்கு (உபரித் தண்ணீர் வழிந்தோடக் கரையில் கட்டிய கல் கட்டு) வழியாகக் கீழ் கண்மாய்க்கு, கடைசியாக ஆற்றுக்கு, அப்புறம் கடலுக்கு. உங்கள் ஊர் வைகைப் பக்கம் இருந்தால் இன்னொன்றும் கவனியுங்கள். வைகை அணையின் முழு உயரம் 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. அணையில் திறக்கும் தண்ணீர் மதுரை, மானாமதுரை, பார்த்திபனூர் மதகணை எல்லாம் தாண்டித்தான் ராமநாதபுரம் பெரிய கண்மாய்ப் பக்கம் வரும். இங்கே வெயில் அடிக்கும் நாளிலும் வெள்ளம் வரலாம்.

கடத்தண்ணீர் பெரும்பாலும் தானாக ஊருக்குள் வருவதில்லை. ஆற்றின் வாயை அடைத்துக்கொண்டு, உள்ளே இருப்பதை வெளியே விடாது. பாக் நீரிணையில் ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும், அதாவது கடல் ஏறி நிற்பதற்கும் இறங்கி நிற்பதற்கும், உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. கேட்பதற்குச் சின்ன அளவாகத் தெரியும். ஆனால் தெருவின் மட்டமே கடல் மட்டத்திலிருந்து ஒன்றிரண்டு மீட்டர்தான் என்னும் ஊரில் அது பெரிய அளவு. அதோடு வாடைக்காற்று நாள்கணக்கில் அடித்தால் ஆழம் குறைந்த இந்தக் கடல் கரையோரமாக உயர்ந்து நிற்கும். அமாவாசையோ பௌர்ணமியோ அந்த நாளில் சேர்ந்துகொண்டால் ஆறு கொஞ்ச நேரம் பின்னோக்கியே நகரும். (1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது புயல் அலை. அது வேறு விஷயம். அதற்கு ஆளைக் காலி செய்வதுதான் வழி. இங்கே சொல்லும் முறை அதற்கு ஆகாது.)

வீடு வீடாக நேரத்தைச் சேகரியுங்கள்

நல்ல கருவி மனிதர்களின் ஞாபகம்தான். ஆனால் கேட்கத் தெரிய வேண்டும். "எவ்வளவு தண்ணி வந்துச்சு?" என்று கேட்டால் எல்லோரும் இடுப்பைக் காட்டுவார்கள். "அடுப்படிக்கு எப்ப வந்துச்சு?" என்று கேளுங்கள். அதுவும் பெண்களிடம் கேளுங்கள். அவர்கள்தான் அரிசி மூட்டையைத் தூக்கிப் பரணில் வைத்தவர்கள். எங்கள் ஊரில் ஓர் அம்மா சொன்னார்: "லுஹர் பாங்கு சொல்லையில வாசல்ல நின்னுச்சு வாப்பா. அசருக்குள்ள கட்டில் கால் முங்கிருச்சு." லுஹர் நண்பகல் தொழுகை, அசர் பிற்பகல் தொழுகை. இதைவிடத் துல்லியமான பதிவை எந்த அலுவலகக் கோப்பிலும் நான் பார்த்ததில்லை. மாதா கோயில் மணி, கரண்ட் போன நேரம், கடைசி பஸ், வள்ளம் கரை ஏற்றிய நேரம், எதுவானாலும் சரி.

ஒவ்வொரு வீட்டிலும் நான்கு விஷயங்கள் போதும். முதலில் வந்த நேரம், உச்சத்துக்குப் போன நேரம், வடிந்த நேரம், சுவரில் கறை நிற்கும் உயரம். கறையைத் தரையிலிருந்து டேப் வைத்து அளந்து, சுவரில் பென்சிலால் கோடு போட்டு, போட்டோ எடுங்கள். வெள்ளையடித்துவிட்டார்கள் என்றால் மீட்டர் பெட்டி, பீரோவின் துரு, கதவின் உப்பல் ஆகியவற்றைப் பாருங்கள்.

தண்ணீரின் தோற்றத்தையும் கேளுங்கள். சாக்கடை கலந்து கறுப்பாக, மெதுவாக ஏறினால் ஊர்த் தண்ணீர். செம்மண் நிறத்தில், கருவேல நெத்தும் வைக்கோலும் மிதந்து, ஓட்டத்தோடு வந்தால் கம்மாத் தண்ணீர். வடிந்த பிறகு திட்டுத் திட்டாகக் கடல்புல் கிடந்தாலோ, கிணறு கரித்துப்போனாலோ கடல் உள்ளே வந்திருக்கிறது. அடுத்த மழையில் சந்தேகமே வேண்டாம் என்றால், குடிநீர் சுத்திகரிப்பு மெஷின் மாட்ட வருபவர் கையில் வைத்திருப்பாரே, தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் பேனா மாதிரி டி.டி.எஸ். மீட்டர், அதை ஒன்று வாங்குங்கள். விலை அதிகமில்லை. மழைத் தண்ணீரில் அது சில பத்துகளைக் காட்டும். கடல் தண்ணீரின் உப்பு லிட்டருக்குச் சுமார் 35,000 மில்லிகிராம் என்பதால் அந்தச் சின்ன மீட்டர் கணக்குக் காட்டாமல் விழித்து நிற்கும். இடைப்பட்ட எண் வந்தால் கலப்பு. வெள்ளத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்காதீர்கள். அதில் கக்கூஸ் தொட்டித் தண்ணீரும் இருக்கும்.

இந்த நேரங்களை எல்லாம் ஊர் வரைபடத்தில் குறித்துக்கொண்டு வாருங்கள். முதலில் நனைந்த வீடுகளுக்கு ஒரு நிறம், அடுத்த மணிக்கு இன்னொரு நிறம். தெருத்தெருவாக நிறம் எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைக்கு நகர்கிறது என்று பார்த்தால், வெள்ளம் நுழைந்த வாசல் தெரியும். ஆற்றங்கரை வீடுகளுக்கு முன்பே ஊர் நடுவில் நனைந்திருந்தால் அது ஆற்றின் குற்றம் இல்லை.

மட்டம்: இதில்தான் எல்லாம் இருக்கிறது

தட்டையான ஊரில் பத்து சென்டிமீட்டர் ஏற்ற இறக்கம் தெருவின் விதியை முடிவு செய்யும். கைப்பேசி காட்டும் உயரத்தை நம்பாதீர்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரப் படங்களும் நம் கடற்கரைக்கு உதவாது. அவற்றில் பிழையே மீட்டர் கணக்கில் இருக்கும். பனைமரத் தோப்பை மேடாகக் காட்டும்.

கொத்தனார் வைத்திருக்கும் லெவல் டியூப் போதும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய், உள்ளே தண்ணீர். காற்றுக் குமிழி இருக்கக் கூடாது. அதுதான் முதல் விதி. நிழலில் வைத்து, ஒரு முனையை உயர்த்தி, குமிழி எல்லாம் வெளியேறும்வரை பொறுமையாக நில்லுங்கள். அசையாத ஓர் இடத்தை ஆதாரப் புள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள்: பள்ளிவாசல் படி, கோயில் அதிட்டானக் கல், பாலத்துக் கைப்பிடிச் சுவர். அதன் உயரத்தை 10.00 மீட்டர் என்று வைத்துக்கொண்டு, அங்கிருந்து ஒவ்வோர் இடத்துக்கும் எவ்வளவு ஏற்றம், எவ்வளவு இறக்கம் என்று குறித்துக்கொண்டே போங்கள். தெரு முனைகள், வெள்ளக் கறைகள், சிறுபாலங்களின் அடித்தளம், ஊருணியின் வரத்துவாய், ஆற்றின் கரை மேல்மட்டம், முகத்துவாரத்து மணல் மேடு. எதையும் விடாதீர்கள்.

முடித்துவிட்டு வேறு வழியாகச் சுற்றி, தொடங்கிய படிக்கே திரும்பி வந்து அளந்து பாருங்கள். மறுபடியும் 10.00 வர வேண்டும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். பத்து சென்டிமீட்டர் தள்ளியிருந்தால் அன்றைய நோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுநாள் மறுபடி தொடங்குங்கள். என் துறையில் எனக்குக் கற்றுத்தந்த மூத்தவர்கள் இதில் ஒரு சமாதானமும் ஏற்க மாட்டார்கள். நானும் ஏற்பதில்லை.

இந்த வேலை முடிந்ததும் பல சண்டைகள் தானாக முடிந்துவிடும். தண்ணீர் கிழக்கே போகும் என்று எல்லோரும் நம்பிய வாய்க்காலின் கடைசிப் பகுதி, புதிதாகப் போட்ட சிமெண்ட் தளத்தால் மேற்கே சரிந்திருப்பதை நான் அளந்து பார்த்திருக்கிறேன். பழைய தெருவின் மேல் தெருவாகப் போட்டு, வீட்டு வாசல் சாலையைவிடத் தாழ்ந்து போன இடங்களும் அப்படித்தான் தெரியவரும்.

காகிதத்தில் இருக்கும் ஓடை

வருவாய்த் துறையின் இணையச் சேவையில் உங்கள் ஊரின் புல வரைபடமும், ஒவ்வொரு புல எண்ணும் என்ன வகை நிலம் என்று சொல்லும் அ-பதிவேடும் கிடைக்கும். அ-பதிவேட்டில் 'ஓடை புறம்போக்கு', 'கண்மாய் புறம்போக்கு', 'ஊருணி', 'வாய்க்கால்' என்று இருக்கும் எல்லாப் புல எண்களையும் தனியாக எழுதுங்கள். பிறகு வரைபடத்தோடு நடந்து போய் ஒவ்வொன்றாகப் பாருங்கள். அகலம் எத்தனை மீட்டர் என்று தாளில் இருக்கிறது, தரையில் எத்தனை இருக்கிறது? எங்கே பெட்டிக்கடை, எங்கே பள்ளிக்கூடச் சுவர், எங்கே இறால் பண்ணைக் கரை? ஆக்கிரமிப்பு என்ற சொல்லை நோட்டில் எழுதாதீர்கள். 'தாளில் 6 மீட்டர், தரையில் 2 மீட்டர்' என்று மட்டும் எழுதுங்கள். எழுதுகிறவர் பக்கத்து வீட்டுக்காரராகவே வாழ வேண்டியிருக்கிறது. பல இடங்களில் ஏழைகளுக்கு வேறு மனை கிடைக்காததால்தான் ஓடைக்கரையில் குடிசை போட்டிருப்பார்கள். அவர்களுக்கு மாற்று இடம் என்ற வரியும் கடைசி அறிக்கையில் கட்டாயம் இருக்க வேண்டும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தனியாகக் கவனியுங்கள். தொண்டி, தேவிபட்டினம் வழியாகக் கடலுக்கு இணையாக ஓடும் இந்தச் சாலை, மேற்கிலிருந்து கிழக்கே போகும் தண்ணீருக்கு நீளமான ஒரு கரை. தண்ணீர் தாண்ட முடிவது சிறுபாலங்கள் வழியாக மட்டுமே. உங்கள் ஊர் எல்லைக்குள் எத்தனை சிறுபாலம், ஒவ்வொன்றும் எத்தனை குழாய், என்ன விட்டம், எவ்வளவு மண் அடைத்திருக்கிறது என்று நடந்தே எண்ணுங்கள்.

கணக்கு

ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் 10 கன மீட்டர், அதாவது பத்தாயிரம் லிட்டர். இது ஒன்றை மனப்பாடம் செய்தால் போதும்.

உதாரணத்துக்கு, ஒரே சிறுபாலத்தில் வடிய வேண்டிய 40 ஹெக்டேர் குடியிருப்பில் நான்கு மணி நேரத்தில் 100 மில்லிமீட்டர் பெய்கிறது என்று வையுங்கள். மொத்தம் 40,000 கன மீட்டர். பத்தில் ஏழு பங்கு ஓடி வந்தால் 28,000. நான்கு மணி நேரத்துக்கு வகுத்தால் விநாடிக்கு 1.94 கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 69 கன அடி. சிறுபாலத்தில் 90 சென்டிமீட்டர் குழாய் இரண்டு. தட்டை நிலத்தில் தண்ணீர் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் போனால் ஒரு குழாய் 22 கன அடி விடும். ஒன்று பாதி அடைத்திருந்தால் இரண்டும் சேர்ந்து 33. வருவது 69, போவது 33. நான்கு மணி நேரத்தில் உள்ளே தேங்குவது சுமார் 14,700 கன மீட்டர். ஐந்து ஹெக்டேர் தாழ்வான பகுதியில் அது பரவினால் ஓர் அடி உயரம். அந்த ஓர் அடிதான் கட்டில் கால்.

இப்போது ஊருணியைப் பாருங்கள். ஒரு ஏக்கர் ஊருணியில் இரண்டு மீட்டர் ஆழம் காலியாக இருந்தால் சுமார் 8,000 கன மீட்டர் பிடிக்கும். அப்படி இரண்டு ஊருணிக்கு வரத்துக்கால் திறந்திருந்தால் மேலே சொன்ன தேக்கம் முழுவதும் அதில் அடங்கிவிடும். கோடையில் குடிக்கவும் உதவும். ஆனால் ஐப்பசி மழையிலேயே ஊருணி நிரம்பியிருந்தால் கார்த்திகை மழைக்கு இடமிருக்காது. ஆகவே குழாயையும் பெரிதாக்கத்தான் வேண்டும். எது எவ்வளவு என்று உங்கள் ஊர்க் கணக்குச் சொல்லும்.

மழையை நீங்களே அளக்க, நேர்ச்சுவர் கொண்ட எந்தப் பாத்திரமும் ஒரு ஸ்கேலும் போதும். மரம், சுவர் மறைக்காத மாடியில் வைத்து, தினமும் காலை 8.30 மணிக்குப் படியுங்கள். வானிலை மையத்தின் நாள் கணக்கும் அந்த மணியிலிருந்துதான். பெருமழையில் மணிக்கு ஒரு தடவை படியுங்கள். தொண்டி, வட்டாணம், திருவாடானை அளவுகளோடு ஒப்பிட்டால், மேற்கே எவ்வளவு, நம் தலைமேல் எவ்வளவு என்பது பிரிந்துவிடும்.

கலுங்குக்கு வேறு கணக்கு. மேலே வழியும் தண்ணீரின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் ஒன்றரை அடுக்கைக் கண்டுபிடித்து (உயரத்தை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் அது வரும்), கலுங்கின் நீளத்தால் பெருக்கி, 1.7-ஆல் பெருக்குங்கள். 30 மீட்டர் கலுங்கில் 30 சென்டிமீட்டர் வழிந்தால் விநாடிக்கு 8.4 கன மீட்டர், ஏறத்தாழ 300 கன அடி. அதுவே 60 சென்டிமீட்டரானால் 840 கன அடிக்குப் பக்கம். உயரம் இரட்டிக்கும்போது தண்ணீர் மூன்று மடங்கை நெருங்குகிறது. கூடுதலாகத் தண்ணீர் தேக்க, கலுங்குக் கல்லுக்கு இடையில் மணல் மூட்டை அடுக்குவது ஏன் ஆபத்து என்று இதிலிருந்து புரியும். மூட்டை தாங்கும்வரை தாங்கி, பிடுங்கிக்கொண்டு போகும்போது மொத்தமாக வரும். சில சமயம் கலுங்கு தப்பி, கரையே போய்விடும்.

மழை நாளில்

மூன்று இடத்தில் அளவுகோல் வரையுங்கள்: மேல் கண்மாய்க் கலுங்கு, ஆற்றுப் பாலத்தின் தூண், முகத்துவாரத்தில் ஒரு கம்பம். எனாமல் பெயிண்டில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு, எல்லாம் அதே ஆதாரப் புள்ளியிலிருந்து அளந்தது. மழை நாளில் மூவர் மணிக்கு ஒருமுறை படித்து ஒரே வாட்ஸ்அப் குழுவில் போடட்டும். முகத்துவாரத்துக்கு மீனவர் ஒருவரைக் கேளுங்கள். ஏத்தமும் வத்தமும் காற்றும் அவருக்குத்தான் தெரியும். கலுங்கு வழியத் தொடங்கியதற்கும் பாலத்தில் தண்ணீர் ஏறியதற்கும் இடையே எத்தனை மணி நேரம் என்று ஒரு மழைக்காலத்தில் தெரிந்துகொண்டால், அடுத்த மழைக்கு அதுவே உங்கள் எச்சரிக்கை.

பாலத்தில் தண்ணீர் ஏறி, முகத்துவாரக் கம்பத்தில் ஏறவில்லை என்றால் நடுவில் அடைப்பு: கருவேலங்காடு, மண் திட்டு, குறுகிய பாலம். இரண்டிலும் ஒன்றாக ஏறினால் கடல் பிடித்து நிறுத்துகிறது.

இரவில் கரைமேல் யாரும் போகக் கூடாது. சாய்ந்த மின்கம்பம் பக்கமும் போகக் கூடாது. ஒரு அளவுக்காக ஓர் உயிர் வேண்டாம்.

கண்டுபிடித்த பிறகு

வானத்துத் தண்ணீர் என்றால் வரத்துக்கால், ஊருணி, சிறுபாலம். கம்மாத் தண்ணீர் என்றால் மறுகால் ஓடையில் சீமைக்கருவேலை வேரோடு எடுப்பது (வெட்டினால் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும்), கலுங்கைச் சரிசெய்வது, கரையில் பலவீனமான இடங்களை ஆடியிலேயே பலப்படுத்துவது, மேல் கண்மாய்களில் கொள்ளளவை மீட்பது.

கடல் பிடிப்பு என்றால் நிதானம் வேண்டும். முகத்துவார மணல் மேட்டை ஜே.சி.பி. வைத்து நிரந்தரமாக வெட்டிவிடச் சொல்லி எல்லா ஊரிலும் கோரிக்கை இருக்கும். கோடையில் அந்த மேடுதான் உப்புத் தண்ணீர் உள்ளே ஏறாமல் கிணறுகளைக் காக்கிறது. உள்மட்டம் வெளிமட்டத்தைவிட உயர்ந்திருக்கும் நேரத்தில், வத்தம் தொடங்கும்போது வெட்டினால் ஆறே மணலை அரித்து வழி செய்துகொள்ளும். எப்போது வெட்டுவது என்று உங்கள் அளவுகோல்தான் சொல்லும். ஆற்றில் விழும் தெரு வாய்க்கால்களுக்கு, வெளியே மட்டும் திறக்கும் ஒருவழிக் கதவு போடலாம். காரங்காடு பக்கத்து அலையாத்திக் காட்டை எந்தத் திட்டத்துக்காகவும் தொட விடாதீர்கள். கரையைப் பிடித்து நிறுத்துவதும் இறால் குஞ்சு வளர்வதும் அங்கேதான்.

மனுவைத் துறை வாரியாகப் பிரியுங்கள். நூறு ஏக்கர் ஆயக்கட்டுக்கு (பாசன நிலத்துக்கு) மேற்பட்ட கண்மாய் நீர்வளத் துறைக்கு, சிறியது ஊராட்சி ஒன்றியத்துக்கு, சிறுபாலம் நெடுஞ்சாலைக்கு, ஊருணியும் வாய்க்காலும் பேரூராட்சிக்கு. நான்கு துறைக்கும் ஒரே மனுவை அனுப்பினால் நால்வரும் அடுத்தவரைக் காட்டுவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரே பக்கம்: அவர்களுடைய கட்டுமானம், புல எண், அளந்த மட்டம், கணக்கு, கேட்பது என்ன. மாவட்ட ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். கலுங்கின் நீளம், கண்மாயின் முழுக் கொள்ளளவு போன்றவை கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன் கீழ் கேளுங்கள்.

வேலை நடந்து முடிந்தால் அதே டியூபோடு போய் மறுபடி மட்டம் எடுங்கள். புதுக் குழாயின் அடித்தளம் வாய்க்கால் தரையைவிட உயரமாக இருந்தால், ஒப்பந்ததாரர் ஊரை விட்டுப் போகும் முன் சொல்ல வேண்டும்.

லெவல் டியூப் வேலையை ஆனி, ஆடியில் வைத்துக்கொள்ளுங்கள். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றில் குழாய் ஆடும் என்பதால் விடிகாலையில் தொடங்கி ஒன்பது மணிக்குள் நிறுத்துங்கள். அளவுகோல் வரைவது புரட்டாசிக்குள் முடிய வேண்டும். ஈரத் தூணில் பெயிண்ட் ஒட்டாது.